பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி ஒரே பயணத்தில்: ஷெங்கன் விசாவை எந்த நாட்டிடம், எப்படிக் கேட்பது?

திண்டுக்கல்லில் மின்சாதனக் கடை நடத்தும் நீங்கள், அரசுப் பள்ளி ஆசிரியையான உங்கள் மனைவி, ஒன்பது வயதிலும் நான்கு வயதிலுமாக இரண்டு பிள்ளைகள், அறுபத்தெட்டு வயதான உங்கள் அம்மா ஆகிய ஐந்து பேரும் வரும் மே மாதம் பாரிஸில் நான்கு இரவுகள், சுவிட்சர்லாந்தில் ஐந்து இரவுகள், இத்தாலியில் ஐந்து இரவுகள் தங்கிவரத் திட்டமிட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாடுகளுக்கும் தனித்தனி விசா வேண்டுமா, எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது, வங்கிக் கணக்கில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும், நேரம் எளிதில் கிடைக்கும் வேறொரு நாட்டின் பெயரில் விண்ணப்பிக்கும்படி பயண முகவர் சொல்வதைக் கேட்கலாமா, இடையில் லண்டனுக்கும் போய்வர முடியுமா என்பவை உங்கள் கேள்விகள். விசா ஒன்றே போதும். முகவரின் யோசனை வேண்டாம். லண்டன் இந்த விசாவில் சேராது. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரு வரியில் விடை சொல்ல இயலாது. உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் பல ஆண்டுகளாக இந்த விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுத்த அனுபவத்தில், தவறுகள் எங்கே நேர்கின்றன என்று நான் கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நீங்கள் கேட்கப் போவது ஷெங்கன் குறுகிய கால விசா. லக்சம்பர்க் நாட்டில், மோசல் ஆற்றங்கரையில் உள்ள ஷெங்கன் என்ற சிற்றூரில் 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்து வந்த பெயர் இது. தங்களுக்கு இடையிலான எல்லைச் சோதனைகளை நீக்கிவிட்டு, வெளி எல்லையை மட்டும் பொதுவாகக் காப்பது என்பதே அந்த உடன்பாடு. 1995இல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டில் இன்று 29 நாடுகள் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியமும் ஷெங்கன் பகுதியும் ஒன்றென்று நினைத்துப் பலர் குழம்புகிறார்கள். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, ஆனால் 2008 டிசம்பரிலிருந்து ஷெங்கனில் இருக்கிறது. அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. உங்கள் மூன்று நாடுகளும் ஷெங்கனுக்குள் அடங்குவதால், ஒரு நாடு ஒட்டித் தரும் விசாவோடு மற்ற இரண்டிலும் நடமாடலாம். வாத்திகனுக்குள் நுழைய எல்லைச் சோதனை கிடையாது. ரோமில் இருந்தபடி நடந்தே போய்வரலாம்.

இனி, எந்த நாட்டிடம் கேட்பது என்ற கேள்வி. இது விண்ணப்பிப்பவரின் விருப்பத்துக்கு விடப்பட்ட விஷயமன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விசா விதித்தொகுப்பு இதற்கு ஒரு வரிசையைச் சொல்கிறது. ஒரே ஒரு நாட்டுக்குப் போவதானால் அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். பல நாடுகளுக்குப் போவதானால், தங்கும் நாட்களின் எண்ணிக்கையாலோ பயண நோக்கத்தாலோ எது முதன்மையானதோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். அப்படி ஒன்றைப் பிரித்தறிய முடியாதபோது மட்டுமே, எந்த நாட்டின் வழியாக ஷெங்கன் பகுதிக்குள் முதலில் நுழைகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். முதலில் இறங்கும் நாட்டிடம்தான் விசா வாங்க வேண்டும் என்று ஊரில் சொல்வது, இந்தக் கடைசி விதியை மட்டும் கேட்டுவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டதால் வந்த பிழை.

உங்கள் திட்டம் துல்லியமாக அந்தச் சிக்கலான இடத்தில் நிற்கிறது. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் ஐந்தைந்து இரவுகள். நோக்கமும் சுற்றுலா ஒன்றே. சமமாக இருப்பதால் முதல் நுழைவு விதி பொருந்தும் என்று கொண்டு பிரான்ஸிடம் விண்ணப்பித்தால் விதிப்படி அது சரியே. ஆனால் கோப்பைக் கையில் எடுக்கும் அதிகாரி, மூன்று நாடுகளில் மிகக் குறைவாக, நான்கே இரவுகள் தங்கும் நாட்டிடம் ஏன் வந்தார்கள் என்று ஒரு நொடி யோசிப்பார். அந்த ஒரு நொடி யோசனைக்கும் இடம் கொடாமலிருப்பதே நல்லது. ஆகவே ஓர் இரவை இடம் மாற்றுங்கள். வெனிஸுக்கு இரண்டு இரவுகளும் ரோமுக்கு மூன்று இரவுகளும் ஒதுக்கியிருக்கிறீர்கள். பிள்ளைகளோடும் வயதான அம்மாவோடும் ரோமை மூன்று இரவுகளில் பார்ப்பது எப்படியும் ஓட்டமாகத்தான் இருக்கும். சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் ஊரில் ஓர் இரவைக் குறைத்து ரோமுக்கு நான்காக்கினால் இத்தாலிக்கு ஆறு, சுவிட்சர்லாந்துக்கு நான்கு, பிரான்ஸுக்கு நான்கு என்று கணக்கு தெளிவாகிவிடும். விண்ணப்பம் இத்தாலிக்கு உரியது என்பதில் எவருக்கும் ஐயம் இராது. மலைகளில்தான் கூடுதலாக இருக்க ஆசை என்றால் அந்த இரவை சுவிட்சர்லாந்துக்குக் கொடுத்து அவர்களிடம் விண்ணப்பியுங்கள். எதைத் தேர்ந்தாலும் உண்மையில் அப்படியே பயணம் செய்வதாக இருக்க வேண்டும். ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலேறும் நாள் இரண்டு நாடுகளின் கணக்கிலும் விழுவதால், ஒப்பிடும்போது இரவுகளை எண்ணுவதே குழப்பமில்லாத வழி.

பயண முகவரின் யோசனைக்கு வருகிறேன். கோடை விடுமுறைக்கான விசா நேரங்கள் விரைவில் தீர்ந்துவிடுவது உண்மை. மற்றொரு நாட்டுக்கு அடுத்த வாரமே நேரம் கிடைப்பதும் உண்மையாக இருக்கலாம். அந்த நாட்டில் ஏழு இரவுகள் தங்குவதாகக் காகிதத்தில் காட்டி விசா வாங்கிக்கொண்டு, பிறகு விடுதி முன்பதிவை ரத்து செய்துவிட்டு உங்கள் பழைய திட்டப்படியே போகலாம் என்கிறார் அவர். கையெழுத்து உங்களுடையது என்பதை நினைவில் வையுங்கள். விண்ணப்பப் படிவத்தின் கடைசியில், கொடுத்த விவரங்கள் அனைத்தும் உண்மை என்றும், பொய்யென்று தெரிந்தால் விண்ணப்பம் மறுக்கப்படலாம், கொடுத்த விசாவும் ரத்தாகலாம் என்றும் ஓர் உறுதிமொழி இருக்கிறது. பாரிஸ் விமான நிலையத்தில் அதிகாரி உங்கள் விடுதி முன்பதிவைக் கேட்டு, விசா கொடுத்த நாட்டில் ஓர் இரவுகூட இல்லை என்று கண்டால், விசாவை அங்கேயே செல்லாததாக்கித் திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. எல்லோருக்கும் அப்படி நேர்கிறது என்று நான் சொல்லவில்லை. பலர் பிடிபடாமல் வந்துவிடுகிறார்கள். ஆனால் நான்கு வயதுக் குழந்தையையும் அறுபத்தெட்டு வயது அம்மாவையும் அழைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்கப் போவது நீங்கள். முகவர் திண்டுக்கல்லில் இருப்பார். விசா பெற்ற பின் உடல்நலக் குறைவாலோ ரயில் வேலைநிறுத்தத்தாலோ திட்டம் ஓரளவு மாறுவது வேறு விஷயம். அதில் குற்றம் எதுவும் இல்லை. மாறியதற்கான சான்றைக் கையில் வைத்திருந்தால் போதும்.

நேரம் கிடைக்காத கவலைக்கு நேர்மையான மருந்து முன்கூட்டியே தொடங்குவதுதான். பயணத் தேதிக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று 2020 பிப்ரவரி முதல் விதி இருக்கிறது. அதாவது மே பயணத்துக்கு நவம்பரிலேயே கொடுக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்பது மறுபக்க எல்லை. முடிவெடுக்க அவர்களுக்கு 15 நாட்கள். கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் அது 45 நாட்கள் வரை நீளலாம். எனவே உங்களைப் போன்ற குடும்பத்துக்கு ஜனவரி அல்லது பிப்ரவரி பொருத்தமான காலம் என்பேன். அதற்கும் முன்பே தொடங்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் மனைவி அரசு ஊழியர் என்பதால் வெளிநாடு செல்லத் துறையின் அனுமதி பெற வேண்டும். அந்தக் கோப்பு பள்ளியிலிருந்து மேலே போய்த் திரும்பி வருவதற்கு ஆகும் காலத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்றே அதைத் தொடங்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தைப் பெற்றுக்கொள்வது சென்னையில் வி.எஃப்.எஸ். போன்ற ஒரு சேவை மையமாக இருக்கும். அங்கே காகிதங்களைச் சரிபார்ப்பார்கள், விரல்ரேகையும் படமும் எடுப்பார்கள், கட்டணம் வாங்குவார்கள். முடிவெடுப்பவர்கள் அவர்களல்லர், எங்கோ ஒரு தூதரக அறையில் உங்கள் முகத்தைப் பார்க்காத ஓர் அதிகாரி, கோப்பை மட்டும் வைத்து முடிவெடுக்கிறார். 2024இல் இந்தியாவிலிருந்து மட்டும் 11 லட்சத்துக்கும் அதிகமான ஷெங்கன் விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 15 சதவீதம் மறுக்கப்பட்டன. அவ்வளவு கோப்புகளுக்கு நடுவே உங்களுடையதைப் புரட்டுபவருக்குச் சில நிமிடங்களில் மூன்று விஷயங்கள் தெளிவாக வேண்டும்: எதற்காகப் போகிறார்கள், செலவை யார் ஏற்கிறார்கள், ஏன் திரும்பி வருவார்கள். கட்டுக்கட்டாகக் காகிதம் சேர்ப்பதைவிட, இருக்கும் காகிதங்கள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருப்பதே முக்கியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அதற்குத் தொடக்கம் முகப்புக் கடிதம். ஒரு பக்கம் போதும். ஐந்து பேரும் யார் யாருக்கு என்ன உறவு, எந்தத் தேதியில் எந்த ஊரில் தங்கல், ஊருக்கு ஊர் எப்படிப் போகிறீர்கள், மொத்தச் செலவு உத்தேசமாக எவ்வளவு, அதை யார் தருகிறார், எந்தத் தேதியில் நீங்கள் கடைக்கும் மனைவி பள்ளிக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதை எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். முகவர்கள் எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்துக் கொடுக்கும் கடிதத்தைவிட, சிறு இலக்கணப் பிழைகளோடு நீங்களே எழுதியது மேலானது. விமானப் பயணத்துக்கு முன்பதிவு போதும்; விசா கைக்கு வருமுன் பணத்தைத் திருப்பித் தராத டிக்கெட் வாங்காதீர்கள். விடுதிகளையும் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய வகையில் பதிவு செய்யுங்கள். ஆனால் அவை உண்மையான பதிவுகளாக இருக்க வேண்டும். கணினியில் வரைந்து கொடுக்கும் போலி முன்பதிவுகளைச் சிலர் சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். தூதரகம் விடுதிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்தால் ஐந்து பேரின் விண்ணப்பங்களும் வீழ்ந்துவிடும்.

பணத்தைப் பற்றி எல்லோரும் ஒரு மந்திர எண்ணை எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஒன்று இல்லை. ஒவ்வொரு நாடும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தேவை என்று தன் அளவை அறிவித்திருக்கிறது. பிரான்ஸில் விடுதிப் பதிவு இருந்தால் நாளொன்றுக்கு 65 யூரோ, இல்லையென்றால் 120 யூரோ, உறவினர் வீட்டில் தங்கினால் 32.50 யூரோ, சுவிட்சர்லாந்தில் 100 பிராங்க். நீங்கள் விண்ணப்பிக்கும் நாட்டின் அளவை ஐந்து பேருக்கும் எல்லா நாட்களுக்கும் பெருக்கினால் குறைந்தபட்சத் தொகை கிடைக்கும். ஆனால் அதிகாரி பார்ப்பது கடைசி வரியில் உள்ள இருப்பை மட்டுமன்று. அந்தப் பணம் எப்படி வந்தது, மாதந்தோறும் கணக்கு எப்படி இயங்குகிறது, இந்தப் பயணத்துக்குச் செலவழித்தபின் வீட்டில் என்ன மிஞ்சும் என்பதையும் பார்க்கிறார். மாதம் எண்பதாயிரம் வருமானம் காட்டும் கணக்கில் விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன் ஆறு லட்சம் வந்து விழுந்தால், அது கடன் வாங்கிக் காட்டிய பணம் என்றே அவர் நினைப்பார்.

என் சித்தப்பாவின் விண்ணப்பம் முதல்முறை மறுக்கப்பட்டது இப்படித்தான். அவருக்கு ஏலச் சீட்டு விழுந்து பணம் வந்திருந்தது. முற்றிலும் நேர்மையான பணம். ஆனால் கோப்பைப் பார்ப்பவருக்கு சீட்டு என்றால் என்ன என்று தெரிய வேண்டிய அவசியமில்லை, நாங்களும் விளக்கவில்லை. அடுத்த முறை, பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தின் ஒப்பந்தப் பிரதி, மாதாமாதம் கட்டிய ரசீதுகள், எடுத்த தொகையின் விவரம் ஆகியவற்றை வைத்து, கடிதத்தில் இரண்டு வாக்கியம் எழுதினோம். விசா கிடைத்தது. உங்கள் கணக்கிலும் நகை விற்றது, நிலம் விற்றது, மொய் வந்தது என்று பெரிய வரவு எதுவாவது இருந்தால் அதன் ஓரத்தில் ஓர் எண் இட்டு, அதே எண்ணில் சான்றை இணையுங்கள். கடைக்கான ஜி.எஸ்.டி. பதிவு, கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்குகள், உங்கள் சொந்தக் கணக்கு, கடையின் கணக்கு இரண்டுக்குமான வங்கி முத்திரையிட்ட அறிக்கைகள் ஆகியவை கட்டாயம் வேண்டும். கடைக் கணக்கில் பணம் நிறையவும் சொந்தக் கணக்கில் குறைவாகவும் இருப்பது வணிகர்களுக்கு இயல்பு. அதையும் கடிதத்தில் சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு வருமானம் இல்லை, வரிக் கணக்கும் இல்லை என்று தயங்குகிறீர்கள். அது குறையாகாது. அவருடைய செலவை நீங்கள் ஏற்பதாக ஒரு கடிதமும், அவர் உங்கள் தாயார் என்பதற்கு உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள பெற்றோர் பெயரோ பிறப்புச் சான்றோ போதும். அவர் பெயரில் நிலம் இருப்பதால் பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களை ஆங்கில மொழிபெயர்ப்போடு வையுங்கள். தமிழில் உள்ள எந்த ஆவணமும் மொழிபெயர்ப்பில்லாமல் போனால் அந்தக் கோப்பில் அது வெற்றுத்தாள்தான். பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றும், படிவத்தில் பெற்றோர் இருவரின் கையெழுத்தும் தேவை.

தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கலைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, முன்னெழுத்துதான். அது காகிதத்துக்குக் காகிதம் வேறு வேறு வடிவம் எடுக்கிறது. வங்கியில் ஆர். குமார், பாஸ்போர்ட்டில் குமார் ராமசாமி, வரி அட்டையில் ராமசாமி குமார், பள்ளிச் சான்றில் குமார் ஆர். என்று ஒரே மனிதர் நான்கு பேராகத் தெரிவார். நம்மூர் எழுத்தருக்கு இது ஒன்றுமில்லை. தந்தை பெயரையே குடும்பப் பெயராகப் படிக்கும் ஐரோப்பிய அதிகாரிக்கு, மகனுக்கு ராமசாமி என்றும் பேரனுக்குக் குமார் என்றும் குடும்பப் பெயர் மாறுவது ஏன் என்று புரியாது. ஆகவே பாஸ்போர்ட்டை மூலமாகக் கொள்ளுங்கள். அதில் எந்தப் பெட்டியில் எந்தப் பெயர் இருக்கிறதோ அப்படியே படிவம், விமான முன்பதிவு, விடுதி, காப்பீடு அனைத்திலும் இருக்கட்டும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்ப் பெட்டி காலியாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரிக் குறியீட்டில் அவர் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கருவிகள் படிப்பது அந்த வரிகளைத்தான். மற்ற ஆவணங்களில் பெயர் பெரிதும் வேறுபட்டால், இரண்டு பெயர்களும் ஒருவருடையவையே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதி வையுங்கள். முகப்புக் கடிதத்தில் தமிழ்ப் பெயர் முறையை ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடுவதும் நல்லது; நான் தயாரிக்கும் எல்லாக் கோப்பிலும் அந்த வாக்கியம் இருக்கும்.

பாரிஸில் நான்கு இரவுகளில் இரண்டை லா கூர்நேவ் பகுதியில் உள்ள உங்கள் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் கழிக்கப் போவதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உறவினர் வீட்டில் தங்குவதற்கு பிரான்ஸில் தனி நடைமுறை உண்டு. வீட்டுக்காரர் தம் ஊர் நகராட்சி அலுவலகத்துக்கு நேரில் சென்று, அத்தெஸ்தாசியோன் தக்கேய் எனப்படும் விருந்தோம்பல் சான்றை வாங்கித் தர வேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரைக் கட்டணம், வீட்டின் பரப்பு, அவருடைய வருமானம் ஆகியவற்றுக்கான சான்றுகள் தேவைப்படும். நம் உறவினர்கள் அன்பு மிகுதியால், "கடிதம் எழுதி அனுப்பிவிடுகிறேன், அதுவே போதும்" என்பார்கள், போதாது. பாரிஸ் புறநகர் நகராட்சிகளில் இதற்கு நேரம் பெறவே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கலாம் என்பதால் அவரிடம் இப்போதே சொல்லுங்கள். இரண்டு இரவுகளுக்காக அவரை அலைக்கழிக்க வேண்டுமா என்று தோன்றினால் நான்கு இரவுகளையும் விடுதியில் கழித்துவிட்டு, பகலில் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போங்கள். விடுதி என்று எழுதிவிட்டு வீட்டில் தங்குவது மட்டும் வேண்டாம்.

பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் செல்ல வேண்டும். அவசர சிகிச்சை, மருத்துவக் காரணத்துக்காக ஊருக்கு அனுப்புதல், இறப்பு நேர்ந்தால் உடலைக் கொண்டுவருதல் ஆகியவற்றை உள்ளடக்க வேண்டும். விசாவுக்காக மட்டும் மலிவான ஒன்றை வாங்காதீர்கள். அம்மாவுக்கு இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் அதை மறைக்காமல் அறிவித்து, முன்பே உள்ள நோயால் வரும் அவசர நிலைக்கும் பணம் தரும் திட்டமா என்று எழுத்தில் பார்த்து வாங்குங்கள். அங்கே ஓர் இரவு மருத்துவமனைச் செலவு உங்கள் முழுப் பயணச் செலவையும் தாண்டிவிடக்கூடும். பாஸ்போர்ட் கடந்த பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பின் குறைந்தது மூன்று மாதங்கள் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழ் இலவசம். உங்கள் குடும்பத்துக்கு மொத்தம் 315 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இது திரும்பாது. பெரியவர்கள் மூவரும் விரல்ரேகைக்கு நேரில் வர வேண்டும். ஒருமுறை எடுத்த ரேகை 59 மாதங்கள் வரை மறு விண்ணப்பத்துக்குப் பயன்படும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இப்போதுள்ள விதிப்படி ரேகை எடுப்பதில்லை. வயலில் உழைத்த கைகளில் ரேகை தேய்ந்திருப்பது வழக்கம். அம்மாவின் விரல்களைக் கருவி முதல்முறையே படிக்காவிட்டால் பதறாதீர்கள். சில நாட்கள் முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெய் தடவிவந்து, அன்று காலை கையைச் சுத்தமாகக் கழுவித் துடைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். ரேகை எடுக்கவே முடியாத நிலை என்றால் அதற்கும் விதியில் விலக்கு இருக்கிறது.

பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் மையத்தின் வாசலிலேயே விசாவைப் படியுங்கள். அதில் எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும், எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாட்கள் தங்கலாம் என்று மூன்று தனித்தனி விவரங்கள் இருக்கும். முப்பது நாள் இடைவெளியில் பதினைந்து நாள் என்று கொடுத்திருந்தால் தங்கக்கூடியது பதினைந்து நாட்களே. இடைவெளி, விமானம் தள்ளிப்போனால் சமாளிப்பதற்கு. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். இரவு பதினொன்றரைக்குத் தரையிறங்கினாலும் அது ஒரு முழு நாள். நீங்கள் 14 இரவுகள் தங்குவதால் உங்களுக்கு 15 நாட்கள் வேண்டும். பலமுறை நுழையும் விசாவைப் பின்னாளில் பெற்றால், எந்த 180 நாட்களை எடுத்தாலும் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் தங்கக்கூடாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

லண்டன் விஷயம் இங்கேதான் வருகிறது. பிரிட்டன் எப்போதுமே ஷெங்கனில் இருந்ததில்லை. அதற்குத் தனி விசா, தனிக் கட்டணம். அத்துடன், பாரிஸிலிருந்து லண்டன் போனால் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறிவிட்டீர்கள் என்று பொருள். ஒருமுறை நுழையும் விசா அதோடு முடிந்துவிடும், ரோமுக்குத் திரும்ப முடியாது. போவதே என்று முடிவானால் படிவத்தில் இருமுறை அல்லது பலமுறை நுழைவு கேட்டு, பிரிட்டன் விசாவின் நகலையும் இணைக்க வேண்டும். இந்த முதல் பயணத்தில் அதை விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. 2024 ஏப்ரல் 18 முதல் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது: மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று ஒழுங்காகப் பயன்படுத்தியவர்கள், இரண்டாண்டுக்குப் பலமுறை நுழையும் விசாவைப் பெறலாம், அதன்பின் வழக்கமாக ஐந்தாண்டு விசா. இந்தப் பயணத்தை விதிப்படி முடிப்பது அந்தப் படிகளில் முதலாவது.

மறுப்பு வந்தால் என்ன செய்வது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து பேரும் ஒன்றாகக் கொடுத்தாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி முடிவு. நால்வருக்குக் கிடைத்து ஒருவருக்கு மறுக்கப்படவும் கூடும். அதனால்தான் ரத்து செய்யக்கூடிய முன்பதிவுகளை வற்புறுத்தினேன். மறுப்புக் கடிதத்தில் காரணங்களின் பட்டியல் இருக்கும். பொருந்துவதன் எதிரே குறியிட்டிருப்பார்கள். பயண நோக்கத்துக்கான காரணம் நம்பத்தக்கதாக இல்லை, திரும்பிச் செல்வார் என்பதில் ஐயம், போதிய பணம் இருப்பதற்குச் சான்று இல்லை ஆகிய மூன்றும் அடிக்கடி வருபவை. மேல்முறையீடு செய்ய உரிமை உண்டு. எவ்வளவு காலத்துக்குள், எங்கே என்பது அந்தக் கடிதத்திலேயே இருக்கும். அதிகாரி தவறாகப் படித்திருந்தால் மேல்முறையீடும், நம் கோப்பில் குறை இருந்திருந்தால் அதைச் சரிசெய்து புது விண்ணப்பமும் பொருத்தமானவை. மீண்டும் விண்ணப்பிக்க இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்ற தடை கிடையாது. பழைய மறுப்பை மறைக்க மட்டும் முயலாதீர்கள். அது பொதுத் தகவல் தொகுப்பில் ஐந்தாண்டுகள் இருக்கும், எல்லா ஷெங்கன் நாடுகளும் பார்க்கும்.

விசா கையில் இருந்தாலும் நுழைவு அனுமதியைத் தருபவர் எல்லை அதிகாரிதான். 2025 அக்டோபர் 12 முதல் புதிய நுழைவு, வெளியேற்றப் பதிவு முறை தொடங்கியிருக்கிறது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப்படம் எடுத்துக் கணினியில் பதிவு செய்கிறார்கள், ரேகையை விசாவுக்குக் கொடுத்ததோடு ஒப்பிடுகிறார்கள். வரிசை நீளக்கூடும் என்பதால் பாரிஸில் இறங்கிய உடனே ரயில் பிடிப்பது போன்ற திட்டம் வேண்டாம். விடுதிப் பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு, உறவினர் வீட்டுக்கான சான்று ஆகியவற்றின் அச்சுப் பிரதிகள் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். நாடுகளுக்கு இடையே வழக்கமான சோதனை இல்லை என்றாலும், ரயிலில் காவலர்கள் ஏறிப் பார்ப்பது உண்டு, சுவிஸ் எல்லையில் சுங்கச் சோதனையும் உண்டு. பாஸ்போர்ட்டை விடுதி அறையில் வைத்துவிட்டு ஒரு நாள் சுற்றுலாவுக்காக நாடு கடக்கக் கூடாது. எல்லையில் ஐந்து பேரும் ஒரே சாளரத்துக்குச் சேர்ந்து போங்கள். அம்மாவைத் தனி வரிசைக்கு அனுப்பினால், அவரிடம் ஆங்கிலத்தில் கேட்கும் முதல் கேள்வியிலேயே திணறிப் போவார். குடும்பத்தின் முழுப் பயணத் திட்டமும் உங்கள் தொலைபேசி எண்ணும் மனைவியின் அண்ணனுடைய பாரிஸ் எண்ணும் எழுதிய ஒரு தாளை அவர் கைப்பையிலும் தனியாக ஒன்று வைத்துவிடுங்கள்.